ஜூன் 5 மரக்கண்டை விட்டுட்டு எங்கட வேலியளையும் குளங்களையும் பாருங்கோ: உள்ளூராட்சி சபையளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

யாழ்ப்பாண மாவட்டத்தில இருக்கிற 17 சபையளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுறன். மாநகர முதல்வர், தவிசாளர்மார், உறுப்பினர்மார், செயலாளர்மார் எல்லாரும் ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. கட்சி பாத்து எழுதேல்ல, எந்தக் கட்சி வந்தாலும் இந்த விசயத்தில பெரிய வித்தியாசம் ஒண்டும் நான் காணேல்ல.

ஒவ்வொரு வருசமும் ஜூன் 5 வந்தா உலக சுற்றாடல் தினம் எண்டு பனர் கட்டி, பள்ளிக்கூடப் பிள்ளையளை வெயிலுக்குள்ள வரிசையா நிப்பாட்டி, ஒரு மரக்கண்டை நாலைஞ்சு பேர் சேர்ந்து பிடிச்சு நட்டு போட்டோ எடுத்து பேஸ்புக்கில போடுறியள். நல்ல நோக்கம்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா ஜூன் மாசம் யாழ்ப்பாணத்தில என்ன காலம் எண்டு உங்களுக்குத் தெரியாதே? சோளகம் அடிச்சு நிலம் வெடிச்சுக் கிடக்கிற நேரம். எங்களுக்கு மழை ஐப்பசியில தொடங்கி மார்கழி வரைக்கும் பெய்யிறது, அதுவும் வாடைக்காத்தோட வாற மழை. ஜூனில நட்ட கண்டுக்கு ஆர் தண்ணி ஊத்துறது? அடுத்த ஜூனில அதே கிடங்கில இன்னொரு கண்டு. இது எல்லாருக்கும் தெரிஞ்ச பகிடி. மாகாணசபை இருந்த காலத்தில நவம்பரை வடமாகாண மரநடுகை மாதம் எண்டு அறிவிச்சவை, அது எங்கட காலநிலையை விளங்கின ஆக்கள் எடுத்த முடிவு. சபை கலைஞ்ச பிறகு அதைப் பெரிசா எடுத்து நடத்த ஆளில்லாமல் போச்சு, திரும்பவும் ஜூனுக்கே வந்து நிக்கிறம்.

சரி, மரம் நடுகிறது இருக்கட்டும். நான் கேக்க வந்தது வேற. உங்கட வட்டாரத்தில என்னென்ன சீவன் இருக்கு எண்டு உங்கட சபைக்குத் தெரியுமோ? வடமாகாணத்துக்கெண்டு ஒரு பறவை தெரிஞ்செடுத்தது ஞாபகம் இருக்கோ? புலுனி. எங்கட வளவுக்குள்ள ஏழெட்டாச் சேர்ந்து கத்திக்கொண்டு சருகைக் கிளறிக்கொண்டு திரியுமே, அந்தப் புலுனிதான். மரம் மருது, மானிப்பாய் மருதடிப் பிள்ளையாரிட்ட போறவைக்கு அந்தப் பேர் தெரியும். இதை எங்கட பிள்ளையளிட்டக் கேட்டுப் பாருங்கோ, சிங்கராஜவனம் சொல்லுவினம், யால சொல்லுவினம், ஹோர்ட்டன் சமவெளி சொல்லுவினம், ஏனெண்டா அது சோதினைக்கு வாறது. சுண்டிக்குளம் எங்க இருக்கு எண்டு கேட்டா கனபேர் முழிப்பினம். சுண்டிக்குளம் 1938 இல சரணாலயமானது, 2015 இல தேசிய பூங்காவாச்சு, அதே வருசம் நெடுந்தீவிலயும் ஒரு தேசிய பூங்கா அறிவிச்சவை. எங்கட மாவட்டத்துக்குள்ள இருக்கிற விசயம், எங்களுக்கே புதினமாக் கிடக்கு.

இதுக்குச் சனத்தை மட்டும் குறை சொல்லேலாது. இங்க ஒரு உண்மையைக் கதைக்கவேணும். வடக்கில "பாதுகாப்பு" எண்டு ஆரும் வந்தா சனம் முதல்ல கேக்கிறது எங்கட காணியை எடுக்கப்போறியளோ எண்டுதான். வனவளத் திணைக்களமும் வனஜீவராசிகள் திணைக்களமும் வர்த்தமானி அடிச்சு, கல்லு நட்டு, பிறகு பாத்தா அதுக்குள்ள ஆரோ ஒருத்தற்ர வயலும் ஆரோ ஒருத்தற்ர தோட்டமும் மீன்பிடிக்கிற கரையும் நிக்குது. சண்டையால இடம்பெயர்ந்து திரும்பி வந்தவைக்கு வளவெல்லாம் பத்தையாக் கிடந்தது, அதைக் காடு எண்டு கணக்கெடுத்தா ஆருக்குத்தான் கோவம் வராது? பறவையைக் காப்பாத்துங்கோ எண்டு வாற ஆளை சனம் சந்தேகமாப் பாக்கிறது இதாலதான். கொழும்பில இருந்து மும்மொழியிலயும் அடிச்ச போஸ்டர் வந்து கச்சேரி (மாவட்டச் செயலகம்) சுவரில ஒட்டினா அது மாறாது. அதை மாத்தக்கூடிய ஆக்கள் நீங்கள் மட்டும்தான், ஏனெண்டா உங்களைச் சனம் தெரிவு செய்தது, உங்களுக்கு ஒருத்தற்ர காணியையும் எடுக்கத் தேவையில்லை, உங்கட கையில நூலகம் இருக்கு, சனசமூக நிலையங்கள் உங்களிட்டத்தான் பதிஞ்சு கிடக்கு, குளத்துக் கரையும் ஒழுங்கையும் குப்பை வண்டியும் உங்கட பொறுப்பு. விழிப்புணர்வு எண்டு சொல்லுற சாமான் இந்த இடங்களுக்குள்ளாலதான் போகவேணும். இதுதான் என்ர முழுக் கதையும், மிச்சமெல்லாம் இதுக்கு உதாரணம்.

முதல்ல வேலி. எங்கட ஊரில காடு எண்டு பெரிசா ஒண்டும் இல்லை, ஆறும் இல்லை (வழுக்கையாறு மாரிக்கு மட்டும் ஓடுறது), அப்ப இந்தக் குருவியளும் அணிலும் ஓணானும் வண்ணத்திப்பூச்சியும் இவ்வளவு காலமும் எங்க இருந்தது? வேலியில இருந்தது. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை எண்டு கதியால் போட்டு, ஓலையால அடைச்சு, கீழ பத்தை, மேல கொடி, அதுக்குள்ள செண்பகம் ஒளிச்சுத் திரியும், தேன்சிட்டு கூடு கட்டும், புலுனி அங்காலயும் இங்காலயும் பூரும். ஒழுங்கைக்கு ஒழுங்கை, வளவுக்கு வளவு, ஒண்டோட ஒண்டு தொடுத்து ஊர் முழுக்க ஓடின ஒரு ஒடுக்கமான காடு அது. ஆட்டுக்குக் குழை அதில, தோட்டத்துக்குத் தாக்கிற பசளைக் குழையும் அதிலதான். இப்ப என்ன நடக்குது? வெளிநாட்டுக் காசு வந்தவுடன முதல் வேலை மதில். வீட்டுக்குப் பூச்சுப் பூச முதல் மதிலுக்குப் பூசுறம். காசில்லாதவை தகரம் அடிக்கினம். மதிலுக்குப் பக்கத்தில இலை கொட்டும் எண்டு வேம்பையும் தறிக்கினம். போன தலைமுறையில வேலிச் சண்டைக்குக் கோட்டுக்குப் போன சனம் இப்ப வேலியே இல்லாமல் இருக்குது, அதில ஒரு நன்மை இருக்கலாம், மறுக்கேல்ல. ஆனா இப்ப கலியாண வீட்டுக்குக் கன்னிக்கால் ஊண்ட முள்முருக்கந் தடி தேடி ஊர் ஊரா அலையவேண்டிக் கிடக்கு. ஒரு மரம் இல்லாமல் போனதைச் சனம் உணருறது அது சடங்குக்குத் தேவைப்படேக்கை மட்டும்தான்.

மதில் கட்டுறவையைத் தடுங்கோ எண்டு சொல்லேல்ல, அது நடக்காது. கள்ளர் பயம் இருக்கு, வெளிநாட்டில இருக்கிறவைக்குக் காணி எல்லை தெரியவேணும், எல்லாம் விளங்குது. ஆனா இப்பவும் உயிர்வேலி வைச்சிருக்கிற வீடுகள் ஒவ்வொரு வட்டாரத்திலயும் இருக்கு, அனேகமா வயசு போனவைதான். அவையை ஒருக்காவது சபை கூப்பிட்டு மதிச்சிருக்கோ? வீட்டுத்தோட்டப் போட்டி வைக்கிறியள், அதை மாதிரி வேலிக்கும் ஒரு போட்டி வையுங்கோ. முடிஞ்சா சோலைவரியில (வீடு வளவுக்குச் சபை அறவிடுற வரி) ஒரு சின்னக் கழிவு குடுங்கோ, சட்டத்தில அதுக்கு இடம் இருக்கோ எண்டு செயலாளர் பாக்கட்டும். நூறு ரூபா குறைஞ்சாலும் போதும், காசுக்கில்லை, அந்த வேலிக்கு ஒரு பெறுமதி இருக்கு எண்டு சபை சொன்னதா ஊருக்குள்ள கதை பரவும். எங்கட ஆக்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கழிவு கிடைச்சது எண்டு கேள்விப்பட்டாக் காணும், அதுக்குப் பிறகு நோட்டீஸ் தேவையில்லை.

அடுத்தது குளம். எங்கட நிலம் சுண்ணாம்புக்கல்லு, மாரியில விழுற தண்ணி குளத்தில தேங்கி ஊறித்தான் கிணத்துக்கு வருது எண்டு பள்ளிக்கூடத்திலயே படிச்சிருக்கிறம். அதால குளம் தூர்வாருறதுக்கு ஒருத்தரும் எதிர்ப்பில்லை. ஆனா தூர்வாருற விதம் எண்டு ஒண்டு இருக்கு. பெக்கோவைக் கொண்டுவந்து கரையில நிக்கிற தாழம்பத்தை, கோரை, நாணல் எல்லாத்தையும் வழிச்சு, தாமரை அல்லி எல்லாத்தையும் கிழங்கோட அள்ளி, நாலு பக்கமும் கொங்கிறீட் சுவர் எழுப்பி, சுத்தி நடைபாதை போட்டு லைற் பூட்டினா அது பெரிய தொட்டிதான், குளம் இல்லை. முக்குளிப்பானுக்கும் தாழைக்கோழிக்கும் கூடு கட்டக் கரையில புல்லு வேணும், தவளை ஏறி இறங்கச் சரிவு வேணும். சுவர் நேரா நிண்டா விழுந்த ஆமை ஏறேலாது. ஆரியகுளம் மாதிரி டவுணுக்குள்ள சனம் பின்னேரத்தில வந்து இருக்கிறதுக்கு ஒரு இடம் வேணும்தான், 2021 இல அதைப் புதுப்பிச்சதில எனக்கும் சந்தோசம்தான், பிள்ளையளுக்கு வேற எங்க போக்கிடம்? ஆனா ஊரில இருக்கிற எல்லாக் குளத்தையும் அதே மாதிரி ஆக்கத் தேவையில்லை. ஒரு பக்கத்தை விட்டுவிடுங்கோ. மூண்டு பக்கம் உங்களுக்கு, ஒரு பக்கம் அதுகளுக்கு. கொந்தராத்துக்காரருக்கு எஸ்டிமேற் குடுக்கேக்கை ஒரு வரி சேர்த்து எழுதுறதுதானே, செலவும் குறையும்.

குளக்கரையில சபை வைச்ச அறிவிப்புப் பலகை ஒண்டே ஒண்டுதான் கண்டிருப்பியள், "இங்கே குப்பை கொட்டாதீர்கள்". அதுக்குக் கீழதான் குப்பை கிடக்கும். அந்தப் பலகைக்குப் பக்கத்தில இன்னொண்டு வையுங்கோ: இந்தக் குளத்தில என்னென்ன பறவை, என்ன மீன், என்ன பூ இருக்கு, எந்த மாசம் வரும், படத்தோட, எங்கட ஊரில கூப்பிடுற பேரோட. புத்தகத்தில இருக்கிற பேரை மட்டும் போடாதேங்கோ, ஊர்ப்பேரையும் போடுங்கோ, கிழவன் கிழவியைக் கேட்டா சொல்லுவினம். என்ன குப்பையை எதுக்கு மேல கொட்டுறம் எண்டு தெரிஞ்சா கொஞ்சப் பேருக்காவது கை கூசும். எல்லாருக்கும் இல்லை, எனக்கும் அந்தளவுக்கு நம்பிக்கை இல்லை.

கடல் பக்கம், களப்புப் பக்கம் கதைக்கத் தொடங்கினா இந்த மடல் முடியாது, சுருக்கமாச் சொல்லுறன். மாரிக்கு மண்டைதீவு, அராலி, செம்மணி, சங்குப்பிட்டிப் பக்கம் போனா பூநாரை, ஊசிவால் வாத்து, உள்ளான் எண்டு வெளியெல்லாம் நிறைஞ்சு நிக்கும். மன்னாரில ஒரு கடற்காகத்துக்கு ஜிபிஎஸ் பூட்டி மேகா எண்டு பேர் வைச்சு விட்டவை, அது 2021 இல ஆர்க்டிக் பக்கம் யமால் வரைக்கும் போட்டுத் திரும்பி மன்னாருக்கே வந்தது. அப்பிடி வாற விருந்தாளிக்கு நாங்கள் வைச்சிருக்கிறது கல்லுண்டாய் வெளியில எரியிற குப்பை. மாநகரசபைக்கு வேற இடம் இல்லை எண்டு சொல்லுவியள், தெரியும், அது ஒரு நாளில தீர்க்கிற பிரச்சினை இல்லை. அதுக்கு முதல் களப்புக் கரையில வீட்டுக்காரர் கொண்டுபோய்க் கொட்டுற கோழிக்கழிவையும் கட்டட உடைசலையும் மறிக்கலாம்தானே. மண்டைதீவில கிரிக்கெட் மைதானம் வருது, 2025 இல அடிக்கல்லும் வைச்சாச்சு, எங்கட பெடியள் விளையாடட்டும், ஆனா அங்க கண்டலும் (களப்புக் கரையில உப்புத்தண்ணிக்குள்ள வளருற மரங்கள்) பறவையும் இருக்கு எண்டு கொழும்பில இருக்கிற சூழலியல் ஆக்கள் சொல்லித்தான் எங்கட சனத்துக்கே தெரியவந்தது. பக்கத்தில இருக்கிற சபையள் அதை முதல்லயே சொல்லியிருக்க வேணாமோ?

மணற்காடு, அம்பன், வல்லிபுரம் பக்கம் மணல் மலையளையும் ஒருக்காப் பாருங்கோ. டிப்பர் போற வேகத்துக்கு அதுகள் எவ்வளவு காலம் நிக்குமோ தெரியாது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு எண்டு மேடைக்கு மேடை கதைக்கிறியள், தேர்தலுக்குத் தேர்தல் ஒற்றுமைக்கு அந்தப் பழமொழிதான். அந்தக் கொடியை அடையாளம் காட்டச் சொன்னா எத்தினை உறுப்பினர்மார் காட்டுவியள்? கடற்கரையில ஊதாப் பூ பூத்துப் படர்ந்து கிடக்கிறது அதுதான், அதுவும் இராவணன் மீசையும் சேர்ந்துதான் மணலைக் காத்து கொண்டுபோகாமல் பிடிச்சு வைச்சிருக்கு. பீச் கிளீனிங் எண்டு போய் பிளாஸ்டிக்கோட சேர்த்து அதையும் பிடுங்கிப் போட்டுட்டுப் போட்டோ எடுக்கிற சங்கங்களும் இருக்கு, தயவுசெய்து அவைக்கு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ.

இன்னொரு விசயம் இருக்கு, ஒருத்தரும் வெளியில கதைக்கிறதில்லை. ஆமை இறைச்சி, உடும்பு இறைச்சி. ரெண்டும் சட்டத்தில தடை எண்டு வாங்கிறவைக்கும் தெரியும், விக்கிறவைக்கும் தெரியும். உடும்பு இறைச்சி மூலத்துக்கு மருந்து, நெஞ்சுக்கு நல்லம் எண்டு படிச்ச மனிசரே சொல்லிக்கொண்டு திரியினம். கவுதாரியும் அப்பிடித்தான், எங்கட பக்கம், மன்னார், புத்தளம் கரையை விட்டா இலங்கையில வேற இடத்தில பெரிசாக் காணேலாத பறவை, இங்க கண்ணி வைச்சுப் பிடிச்சுக் கறிக்கு விக்கினம். பொலிஸ் பிடிச்சா ஒரு நாள் பேப்பரில வரும், அவ்வளவுதான். இதுக்குச் சுகாதாரப் பரிசோதகர்மாரும் ஊர்க் கோயில் நிர்வாகமும் சேர்ந்து ஒரு சொல்லுச் சொன்னா வழக்கை விடக் கூட வேலை செய்யும். பாம்பும் அதே கதைதான். கண்ட பாம்பெல்லாத்தையும் அடிச்சுக் கொல்லுறம், சாரையை அடிச்சுட்டு எலி கூடிப்போச்சு எண்டு கடையில பாசாணம் வாங்கி வைக்கிறம். எது சுருட்டை, எது புடையன், எது விசமில்லாதது எண்டு படத்தோட ஒரு போஸ்டர் ஒவ்வொரு சனசமூக நிலையத்திலயும் தொங்கினா மனிச உயிருக்கும் நல்லம், கடிபட்டவையை நாட்டு மந்திரம் எண்டு மினக்கெடாமல் நேர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவினம்.

சனத்துக்குச் சொன்னா விளங்காது எண்டு சொல்லாதேங்கோ. பார்த்தீனியத்தைப் பாருங்கோ. இந்திய அமைதிப்படை காலத்தில ஆடுகளோட வந்தது எண்டு சொல்லுவினம், அது எப்பிடி வந்ததோ, இண்டைக்கு அந்தச் செடியைத் தெரியாத தோட்டக்காரன் இல்லை. ஏன்? மாகாணசபைக் காலத்தில விவசாயப் பக்கத்தால விடாமல் சொன்னவை, பள்ளிக்கூடத்தில சொன்னவை, பிடுங்கிக் காட்டினவை, பூக்க முதல் பிடுங்கவேணும் எண்டு எல்லாருக்கும் பாடம். ஒரு கெட்ட செடியைப் பற்றி ஊருக்கே படிப்பிக்க முடிஞ்சதெண்டா நல்ல செடியைப் பற்றி ஏன் ஏலாது? இப்ப எல்லாருக்கும் தெரிஞ்ச நல்ல பூ கார்த்திகைப்பூ ஒண்டுதான், அது தெரிஞ்ச காரணம் வேற, அதைப்பற்றி இங்க கதைக்கேல்ல.

இனி நான் கேக்கிறது. இந்தியாவில 2002 இல வந்த உயிரியல் பல்வகைமைச் சட்டத்தால ஒவ்வொரு ஊராட்சியும் தன்ர ஊரில இருக்கிற செடி, சீவன், நாட்டு விதை, அதுகளைப்பற்றி ஊர்ச்சனத்துக்குத் தெரிஞ்ச அறிவு எல்லாத்தையும் எழுதி ஒரு மக்கள் பதிவேடு வைக்கவேணும். எல்லா இடத்திலயும் அது வடிவா நடக்குது எண்டு நான் சொல்லேல்ல, சில இடத்தில பேருக்கு நிரப்பி வைச்சிருப்பினம். ஆனா யோசனை நல்லது, எங்களுக்குச் சட்டம் வரும் வரைக்கும் இருக்கத் தேவையில்லை. ஒரு சபைத் தீர்மானம் காணும். வட்டாரத்துக்கு ஒரு சனசமூக நிலையத்தைத் தெரிஞ்செடுங்கோ, ஒரு சீஆர் கொப்பி குடுங்கோ, ஓஎல் எழுதிப்போட்டு றிசல்ட் வரும்வரைக்கும் சும்மா இருக்கிற பிள்ளையளை விடுங்கோ, அதுகளிட்டப் போன் இருக்கு, படம் எடுக்கும், வயசானவையிட்டப் போய் பேரும் கதையும் கேட்டு எழுதும். மீன்பிடிக்கிறவையிட்டக் கட்டாயம் கேக்கவேணும். எந்த இடத்தில சாதாளை (கடல் புல்லு) செத்துப்போச்சு, எங்க றால் குஞ்சு கிடைக்கிறதில்லை, எந்தக் கண்டலுக்குள்ள முந்தி என்ன மீன் கிடந்தது எண்டு அவைக்குத் தெரிஞ்ச மாதிரி ஒரு பேராசிரியருக்கும் தெரியாது. 2017 இல சட்டம் போட்டு இழுவைமடியை (கடலின்ர அடியை வழிச்சு இழுக்கிற வலை) தடை செய்தது அந்த ஆக்கள் வருசக்கணக்காக் கத்தினபடியாலும்தான். பல்கலைக்கழக விலங்கியல், தாவரவியல் ஆக்களை வருசத்துக்கு ஒருக்காக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொல்லலாம்.

ஒண்டில மட்டும் கவனம். கூடு கட்டுற இடம், ஆமை முட்டை இடுற இடம், அப்பிடியானதுகளை போட்டோவோட லொக்கேசன் போட்டு பேஸ்புக்கில விடக்கூடாது. ஆர்வத்தில போடுவினம், அடுத்த கிழமை கண்ணியோட ஒருத்தன் போவான். கொப்பியில இருக்கட்டும், சபையில இருக்கட்டும்.

யாழ்ப்பாணப் பொதுநூலகத்திலயும் மற்றச் சபை நூலகங்களிலயும் ஒரு மூலை ஒதுக்கி, இந்தக் கொப்பியளின்ர பிரதியையும் பறவைப் புத்தகங்களையும் ஒரு தொலைநோக்கியையும் வையுங்கோ, புத்தகம் இரவல் குடுக்கிற மாதிரி தொலைநோக்கியையும் அடையாள அட்டைக்கு இரவல் குடுக்கலாம். துலைஞ்சு போகும் எண்டு பயப்படுவியள். துலையட்டும், இன்னொண்டு வாங்கலாம், பனருக்குச் செலவழிக்கிறதை விடக் குறைவாத்தான் வரும். பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறதெண்டா ஜூன் 5 வேண்டாம், பெப்ரவரி 2 ஈரநில தினம், அந்த நேரம் பறவை எல்லாம் இங்க நிக்கும், வெயிலும் குறைவு, ஒரு பஸ்ஸைப் பிடிச்சு அராலிக்கோ சங்குப்பிட்டிக்கோ விடியக்காலமை கொண்டுபோய் இறக்கிவிட்டா காணும், பேச்சு, மாலை, மங்கள விளக்கு ஒண்டும் தேவையில்லை. பிள்ளையள் பாக்கட்டும்.

கார்த்திகை மார்கழியில பாதீடு வரும். அதில இந்த வேலைக்கெண்டு ஒரு தலைப்புப் போடுங்கோ, தொகை சின்னனா இருந்தாலும் பரவாயில்லை, தலைப்பு இருந்தாத்தான் அடுத்த வருசம் ஒரு உறுப்பினர் எழும்பிக் கேக்கலாம் அந்தக் காசுக்கு என்ன நடந்தது எண்டு. 17 சபையும் ஒண்டாத் தொடங்கும் எண்டு நான் எதிர்பாக்கேல்ல. எந்தச் சபை முதல்ல தீர்மானம் எடுக்குதோ அந்த வட்டாரத்துக்கு எங்கட சனசமூக நிலையத்தில இருந்து கொஞ்சப் பேர் வந்து கொப்பியைத் தொடங்கித் தருவம், சம்பளம் வேண்டாம், சனிக்கிழமை பின்னேரம் எண்டா எங்களுக்கு வசதி.

இப்படிக்கு,
வலிகாமத்தில இருந்து ஒரு வாக்காளன்